ஒரு எழுத்து பிசகினால் யார் பொறுப்பு?

பாறசாலை: களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை வருகிறவர்களுக்குத் தமிழ் எங்கே முடிந்தது, மலையாளம் எங்கே தொடங்கியது என்று சொல்வது கடினம். 1956 நவம்பர் 1ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது வரைபடத்தில்தான். பேச்சும் பிழைப்பும் இன்றும் கோட்டின் இரு பக்கமும் கலந்தே கிடக்கின்றன.

இந்த ஊர்களிலிருந்து ரயில் ஏறித் திருவனந்தபுரம் போகிறவர்களில் கட்டிட வேலைக்காரர் உண்டு. ஜவுளிக் கடைச் சிப்பந்தி உண்டு. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா உண்டு. கழக்கூட்டத்தில் 1990ல் ஏற்பட்ட டெக்னோபார்க்கில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர்களும் பெண்களும் உண்டு. வேலை வேறு, சம்பளம் வேறு. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்றே. தினமும் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு கம்ப்யூட்டருக்குச் சில எழுத்தையோ எண்ணையோ டைப் செய்து இவர்கள் கட்டளை கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை அப்படியே நிறைவேற்றுகிறது.

அந்த எழுத்தில் ஒன்று பிசகினால் என்ன ஆகும்? பழியை யார் சுமப்பது? இந்தக் கேள்விக்கு உலகம் கொடுத்திருக்கும் விலை கொஞ்சமல்ல.

சட்டைப் பையில் இருக்கும் கட்டளை

"நமக்கும் கம்ப்யூட்டர் கட்டளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள் தங்கள் மொபைல் போனை எடுத்துப் பார்க்கட்டும். நட்சத்திரக் குறியும் ஹாஷ் குறியும் நடுவில் சில எண்களும் அழுத்தி, பேலன்ஸ் எவ்வளவு என்று பார்க்காதவர் யார்? அது போன் பேசுவது அல்ல. டெலிபோன் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் போடும் கட்டளை.

இந்த வழியில்தான் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். "உங்கள் சிம் கார்டில் கோளாறு. சரி செய்ய நாங்கள் சொல்வதை அழுத்துங்கள்" என்று கம்பெனி ஆள் போலப் பேசுவார்கள். நட்சத்திரம், 401, மீண்டும் நட்சத்திரம், அதன் பிறகு ஒரு பத்து இலக்க எண். அழுத்தியவருக்கு அதன் பொருள் தெரியாது. "எனக்கு வரும் எல்லா அழைப்பையும் இந்த எண்ணுக்குத் திருப்பி விடு" என்பதே அதன் பொருள். அதன் பிறகு வங்கி போன் மூலம் சொல்லும் ரகசிய எண்ணும், வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் எண்ணும் திருடன் காதில் போய் விழும்.

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை விழித்துக்கொண்டு, 2024 மார்ச் மாதக் கடைசியில் ஒரு உத்தரவு போட்டது. நட்சத்திரக் குறி போட்டு அழைப்பைத் திருப்பும் அந்த 401 வசதியை ஏப்ரல் 15ம் தேதி முதல் எல்லாக் கம்பெனிகளும் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே உத்தரவு. வசதி வேண்டியவர்கள் வேறு வழியில் கேட்டுப் பெற வேண்டும் என்று சொல்லப்பட்டது.

ஏமாந்தவரைப் பார்த்து, "படிக்காதவர், அவசரப்பட்டார்" என்று சொல்வது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய போன் முழுவதையும் இன்னொருவர் கைக்கு மாற்றி விடுகிற கட்டளை அது. அதை நிறைவேற்றுவதற்கு முன், "உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் இந்த அன்னியர் எண்ணுக்குப் போகும். சம்மதமா?" என்று அவர் மொழியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்! இதே போன் வழியில் 2014ல் நாடு முழுவதற்கும் வந்த நட்சத்திரம் 99 ஹாஷ் என்ற வங்கிச் சேவை வேறு விதமானது. பட்டியல் காட்டி, ஒவ்வொரு படியாகக் கேட்டு, தமிழிலும் மலையாளத்திலும்கூட நடத்திச் செல்கிறது. அதே போன், அதே குறி. ஆனால் ஒன்று பேசாமல் செய்கிறது, மற்றொன்று கேட்டுச் செய்கிறது. வித்தியாசம் அமைத்தவர் கையில் இருக்கிறது, அழுத்துகிறவர் கையில் அல்ல.

தந்தி பாஷையில் பிறந்த பழக்கம்

இப்படிச் சுருக்கமாகவும் மௌனமாகவும் வேலை செய்யும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1969ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிட்சி முதலானோர் யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பை உருவாக்கினார்கள். இன்று உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அந்த வம்சத்தைச் சேர்ந்தவை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரோடு பேச அவர்களிடம் இருந்தது தந்தி ஆபீஸ் டெலிபிரிண்டரைப் போன்ற ஒரு மிஷின். திரை கிடையாது, காகிதத்தில் அடிக்கும். வினாடிக்குப் பத்து எழுத்துதான் ஓடும்.

2013 ஜூலையோடு நின்றுபோன நமது தந்தியில் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால், "தாய் கவலைக்கிடம் புறப்படு" என்று சுருக்கி எழுதியது முதியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கும் அதே கதைதான். எழுத்தை மிச்சம் பிடிக்க, கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருங்கின. வேலை சரியாக முடிந்தால் கம்ப்யூட்டர் பதிலே சொல்லாது. தப்பு நேர்ந்தால்தான் வாயைத் திறக்கும்.

பைலை அழிக்கும் கட்டளை 'ஆர்.எம்.' என்ற இரண்டே எழுத்து. அதோடு நட்சத்திரக் குறி சேர்த்தால் 'எல்லாம்' என்று அர்த்தம். ஒரு வகைப் பைல்களை மட்டும் அழிக்க நினைத்தவர், நட்சத்திரத்துக்குப் பிறகு அந்த வகையின் அடையாள எழுத்தை ஒட்டி அடிக்க வேண்டும். இடையில் தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டி விட்டால் தீர்ந்தது. 'எல்லாவற்றையும் அழி' என்று ஆகிவிடும். கம்ப்யூட்டரும் மறுபேச்சில்லாமல் அழித்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். டைப்ரைட்டிங் லோயர் எழுதியவர்களுக்குத் தெரியும், ஒரு ஸ்பேஸ் கூடினால் மார்க் குறையும். இங்கே ஒரு ஸ்பேஸ் கூடினால் ஆபீஸ் ரிக்கார்டே போய்விடும்!

1981லேயே டொனால்டு நார்மன் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர், யூனிக்ஸின் இந்தக் குணத்தைக் கடுமையாகச் சாடி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதினார். மனிதன் மறப்பான், கை தடுமாறுவான் என்பதை நினைத்தே பார்க்காமல் கட்டளைகள் அமைந்திருக்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். வீட்டுக் கதவு முதல் அடுப்பு வரை எல்லாவற்றுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று பின்னர் புத்தகமே எழுதினார்.

ஆபீஸ்களில் பின்னர் பரவிய டாஸ் கம்ப்யூட்டர்களிலும் தொடக்கத்தில் இதே கதைதான். 'பார்மட்' என்று மட்டும் அடித்து, எந்தத் தட்டு என்று சொல்ல மறந்தால், அப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் தட்டையே துடைத்துவிடக்கூடியதாக முதல் பதிப்புகள் இருந்தன. எந்தத் தட்டு என்று சொன்னால்தான் செய்வேன் என்ற நிபந்தனை பிறகுதான் வந்தது.

தப்பும் சரி போலவே தெரியும்

கட்டளை டைப் செய்யும் முறையே கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. பழகிய கைக்கு அதைவிட வேகமான வழி இல்லை. நமது ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரே அதற்குச் சாட்சி. 1985ல் டெல்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் ரிசர்வேஷன், 1999ல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களும் இணைந்து நாடு முழுவதற்கும் ஒன்றானது. ஸ்டேஷன் பெயரை முழுக்க அடிக்க நேரம் எங்கே? சில எழுத்துக் குறியீடு போதும். கியூவில் நிற்பவர் மூச்சு விடுவதற்குள் டிக்கெட் வெளியே வரும்.

ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நாகர்கோவில் ஜங்ஷனுக்குக் குறி என்.சி.ஜே. நாகர்கோவில் டவுனுக்குக் குறி என்.ஜே.டி. திருவனந்தபுரம் சென்ட்ரல் டி.வி.சி., திருவனந்தபுரம் பேட்டை டி.வி.பி. சென்னை சென்ட்ரல் எம்.ஏ.எஸ்., எழும்பூர் எம்.எஸ். ஒரு எழுத்து மாறினாலும் விடுபட்டாலும் கம்ப்யூட்டர் அதைப் பிழை என்று சொல்லாது. ஏனென்றால், தவறாக அடித்ததும் ஒரு உண்மையான ஸ்டேஷனாக இருக்கக்கூடும்! அர்த்தமில்லாத தப்பைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். சரியைப் போலவே இருக்கும் தப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காகத்தான் பயணி பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும், கவுண்டரை விட்டு நகருமுன் டிக்கெட்டைச் சரி பார்க்க வேண்டும் என்பதும். பல கவுண்டர்களில் கிளார்க் அடிப்பது வெளியே நிற்பவருக்கும் தெரியும்படி ஒரு சிறிய திரை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஜோடிக் கண்கள் பார்த்தால் பாதித் தப்பு அங்கேயே நின்றுபோகும். அப்படி ஏற்பாடு இல்லாத ஆபீஸ்களில் கணக்கில் குறைவது அடித்தவர் சம்பளத்தில்தான் கழியும் என்பது குமாஸ்தா வேலை பார்க்கும் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

எட்டு வினாடியில் உயிர் போன கதை

டிக்கெட் மாறினால் பயணம் கெடும், பணம் போகும். உயிர் போன இடமும் உண்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் தெராக்-25 என்ற இயந்திரத்தைக் கனடாவின் அரசு நிறுவனம் ஒன்று தயாரித்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அதன் காரணமாகச் சிலர் உயிரிழந்தார்கள்.

அந்த இயந்திரத்தை இயக்குகிறவர் பக்கத்து அறையில் ஒரு திரை முன் அமர்ந்து கட்டளைகளை டைப் செய்ய வேண்டும். எக்ஸ்ரே சிகிச்சை என்றால் 'எக்ஸ்' என்ற எழுத்து. எலெக்ட்ரான் சிகிச்சை என்றால் 'ஈ' என்ற எழுத்து. எக்ஸ்ரேக்கு மிகுந்த சக்தி வேண்டும், ஆனால் நடுவில் ஒரு உலோகத் தடுப்பு வந்து நின்று அதைத் தணிக்கும். எலெக்ட்ரானுக்குத் தடுப்பு இல்லை, சக்தி மிகக் குறைவு.

1986 மார்ச் 21ம் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர ஆஸ்பத்திரியில், அனுபவம் மிகுந்த ஒரு பெண் ஊழியர் பழக்கத்தில் 'எக்ஸ்' என்று அடித்துவிட்டார். உடனே கவனித்து, மேலே போகும் அம்புக் குறிச் சாவியைத் தட்டி 'ஈ' என்று திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே காந்தங்கள் இடம் பெயர எட்டு வினாடி ஆகும். அந்த எட்டு வினாடிக்குள் திருத்தினால் திருத்தம் உள்ளே சரியாகப் போய்ச் சேராது! தடுப்பு விலகி நிற்க, சக்தி மட்டும் முழுதாகப் பாய்ந்தது.

திரையில் 'கோளாறு 54' என்று ஒரு வரி வந்தது. அதற்கு என்ன பொருள் என்று ஊழியர் வைத்திருந்த புத்தகத்தில் விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட சில்லறைக் கோளாறுகள் அடிக்கடி வருவது வழக்கம். 'பி' என்ற சாவியைத் தட்டினால் வேலை தொடரும். அவரும் தட்டினார். நோயாளி மீது இரண்டாம் முறையும் பாய்ந்தது. அன்று அறைக்குள் பார்க்கும் டெலிவிஷனும் பேசும் கருவியும் வேலை செய்யவில்லை. அந்த நோயாளி ஐந்து மாதத்தில் இறந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அதே ஆஸ்பத்திரியில் இன்னொருவருக்கும் அதே கதி.

தயாரித்தவர்கள், "இப்படி நடக்கவே முடியாது" என்ற பாணியிலேயே பேசி வந்தார்கள். ஆஸ்பத்திரியின் பௌதிக நிபுணர் பிரிட்ஸ் ஹேகரும் அந்த ஊழியரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வேகமாக டைப் செய்து பார்த்து, 'கோளாறு 54'ஐ வரவழைத்துக் காட்டினார்கள். வேகமாக அடிக்கத் தெரிந்தவரிடம்தான் கோளாறு தோன்றியது. கெட்டிக்காரத்தனமே ஆபத்தாகிவிட்ட விந்தை!

உடனடிப் பரிகாரமாகத் தயாரிப்பாளர் சொன்னதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மேலே போகும் அம்புச் சாவியின் தலையைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள் என்றார்கள்.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் விசாரணையில் வெளிவந்தது. இதற்கு முந்திய தெராக்-20 இயந்திரத்தின் கம்ப்யூட்டரிலும் இதே போன்ற தப்பு இருந்தது. ஆனால் அதில் தனியாக எலெக்ட்ரிக் பூட்டுகள் இருந்தன. தப்பான நிலையில் இயக்கினால் ப்யூஸ் போகுமே தவிர, ஆளுக்கு ஆபத்தில்லை. புதிய இயந்திரத்தில், "கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறதே" என்று அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள்.

ரயில் கற்றுத் தந்த பாடம்

பூட்டு என்றதும் ரயில்வே ஊழியர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். மனிதன் தப்பு செய்வான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப இயந்திரத்தை அமைத்த துறை ரயில்வே எனலாம்.

1856ல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் சிக்னலையும் பாயிண்டையும் ஒன்றோடொன்று பூட்டும் முறைக்குப் பேடன்ட் எடுத்தார். பாதை ஒரு பக்கம் திரும்பியிருக்க, சிக்னல் வேறு பக்கத்துக்கு விழ முடியாது. லீவரை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பல விபத்துகளில் உயிர்கள் பலியான பிறகு, 1889ல் அங்கே பயணி ரயில்களுக்கு அதைச் சட்டப்படி கட்டாயமாக்கினார்கள்.

நம் ஊர்க்காரர்கள் இன்னும் எளிதாகப் புரிந்துகொள்ள டோக்கன் பந்து இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை வழியாக நாகர்கோவில், கன்னியாகுமரி போகும் பாதை 1979ல் ஒற்றைப் பாதையாகத் திறக்கப்பட்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி நுழைந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்க இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் இருந்த சாதனம்தான் நீல்ஸ் பால் டோக்கன் கருவி. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி. இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. அந்தக் கருவியிலிருந்து ஒரு பந்தை எடுத்து டிரைவரிடம் கொடுத்தால்தான் வண்டி புறப்படலாம். அந்தப் பந்து ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்ப விழும்வரை, இரண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் தலைகீழாக நின்றாலும் அடுத்த பந்து வராது. தூக்கக் கலக்கமோ, அவசரமோ, மேலதிகாரியின் அதட்டலோ அந்த இரும்பைத் தாண்டிப் போக முடியாது.

பூட்டு இருந்தால் மட்டும் போதாது, அது நேர்மையாகவும் இருக்க வேண்டும். 2023 ஜூன் 2ம் தேதி ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டம் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் பாய்ந்து, 280க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை யாரும் மறக்க மாட்டார்கள். முன்பு செய்த சிக்னல் சர்க்யூட் மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங் கேட் மாற்றும் வேலையிலும் கம்பி இணைப்பில் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்புக் கமிஷனரின் அறிக்கை கண்டது. பூட்டைத் தொடுகிற வேலைக்கும் ஒரு பூட்டு வேண்டும், வேலை முடிந்ததும் சோதனை வேண்டும் என்பதே அதன் பாடம்.

நள்ளிரவு வேலையும் ஒரு கட்டளையும்

இனி டெக்னோபார்க் பக்கம் வருவோம். எங்கோ தூர தேசத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே கட்டளை டைப் செய்து பராமரிக்கும் பிள்ளைகள் எல்லை ஊர்களிலும் இருக்கிறார்கள். பெற்றோர் பலருக்கு மகனோ மகளோ என்ன வேலை பார்க்கிறார் என்று சரியாகத் தெரியாது. அந்த வேலையின் அபாயத்தை 2017ம் ஆண்டின் இரண்டு சம்பவங்கள் காட்டும்.

ஜனவரி 31ம் தேதி இரவு கிட்லேப் என்ற நிறுவனத்தில், நேரமாகியும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு என்ஜினியர், இரண்டாவது கம்ப்யூட்டரில் இருந்த தகவல்களை அழிக்க நினைத்து, பெயரில் ஒரே ஒரு இலக்கம் வேறுபட்ட முதல் கம்ப்யூட்டரில் அழிக்கும் கட்டளையைப் போட்டுவிட்டார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே மிச்சம். நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடுகள் பல இருந்தும் சமயத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் ஊழியர் மீது பழி போடவில்லை. அவர் பெயரைச் சொல்லாமல், எங்கே ஏற்பாடு தவறியது என்று முழு விவரத்தையும் பகிரங்கமாக வெளியிட்டது.

அடுத்த மாதம், பிப்ரவரி 28ம் தேதி, அமேசான் நிறுவனத்தில் ஒரு ஊழியர் சில கம்ப்யூட்டர்களை மட்டும் விலக்கக் கட்டளை போட்டார். வழக்கமான கட்டளைதான், அதிகாரமும் அவருக்கு உண்டு. ஒரு விவரம் தப்பாக விழுந்ததில் நினைத்ததைவிடப் பல கம்ப்யூட்டர்கள் விலகின. அதை நம்பியிருந்த எத்தனையோ இணையதளங்கள் சுமார் நான்கு மணி நேரம் ஸ்தம்பித்தன. பிறகு அமேசான் செய்தது என்ன? "கவனமாக டைப் செய்யவும்" என்று சர்க்குலர் அனுப்பியதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர்களை மெதுவாகத்தான் விலக்க முடியும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவே முடியாது என்று கட்டளைக்கே பூட்டுப் போட்டது. அதுதான் டோக்கன் பந்தின் தத்துவம்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 5ம் தேதி எம்கே குளோபல் என்ற பங்குத் தரகு நிறுவனத்திலிருந்து தேசியப் பங்குச் சந்தைக்குப் போன 59 தப்பான ஆர்டர்களால் 650 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் நடந்து, நிப்டி குறியீடு 15 சதவீதத்துக்கு மேல் சரிந்து, சந்தையே சற்று நேரம் நின்றது. தொகை எழுத வேண்டிய இடத்தில் எண்ணிக்கை விழுந்ததே காரணம் என்று அப்போது செய்தி வந்தது. ரூபாயா, எண்ணிக்கையா என்ற வித்தியாசத்தை இயந்திரம் கேட்கவில்லை.

"சரியா?" என்று கேட்டால் போதுமா?

'உண்மையாகவே அழிக்கவா? ஆம், இல்லை' என்று கேட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. நாளுக்கு நூறு தடவை கேட்டால் கை தானாகவே 'ஆம்' தட்டும். டைலர் ஆஸ்பத்திரியின் 'பி' சாவி அப்படிப் பழகியதுதான். கேள்வி கேட்பது பெரிதல்ல, கேள்வியில் விஷயம் இருக்க வேண்டும்.

அதற்கு நல்ல உதாரணம் நமது வங்கியிலேயே இருக்கிறது. பாறசாலையில் கூலி வேலை பார்த்துத் திருநெல்வேலிப் பக்கத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். நெப்ட் முறையில் பணம் அனுப்பும்போது பெயரும் எழுதுகிறோம், கணக்கு எண்ணும் எழுதுகிறோம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010ல் வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. ஆகவே ஒரு இலக்கம் பிசகி, அந்த எண்ணில் யாருக்காவது கணக்கு இருந்தால், மாதக் கூலி முன்பின் தெரியாதவர் கணக்கில் போய் விழும். 'சரியா?' என்று திரை கேட்கும். அனுப்புகிறவரும் 'சரி' என்பார். பதினைந்து இலக்கத்தைப் பார்த்து எதைச் சரி பார்ப்பது?

2024 டிசம்பர் 30ம் தேதி ரிசர்வ் வங்கி புதிய உத்தரவு போட்டது. எண்ணை அடித்ததும் அந்தக் கணக்குக்காரரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை, 2025 ஏப்ரல் 1ம் தேதிக்குள் வங்கிகள் செய்து தர வேண்டும் என்பதே அது. எண் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 'செல்லம்மாள்' என்று வர வேண்டிய இடத்தில் வேறு பெயர் வந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் தெரியும். இதுதான் மனிதனுக்காகச் செய்யப்பட்ட அமைப்பு.

நாம் செய்ய வேண்டியது

வாசகர்கள் தங்கள் அளவில் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். போனில் யாரோ சொன்னார் என்பதற்காக நட்சத்திரம், ஹாஷ் சேர்ந்த எந்த எண்ணையும் அழுத்தக் கூடாது. 401 மட்டுமல்ல, 21, 61, 67 என்ற எண்களுக்கும் அழைப்பைத் திருப்பும் அர்த்தம் உண்டு. தெரியாமல் அழுத்திவிட்டால், இரண்டு ஹாஷ், பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, ஒரு ஹாஷ் என்று அழுத்தி அழைத்தால் திருப்பி விட்டவை ரத்தாகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படிக்க வேண்டும். பெயர் வராவிட்டால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று வீட்டில் விசாரித்துவிட்டு மீதியை அனுப்பலாம். பிறருக்கு பாரம் பூர்த்தி செய்யக் கொடுத்தால், அவர் அடித்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

குமாஸ்தாக்களும் சங்கங்களும் கேட்க வேண்டியது வேறு. புதிய கம்ப்யூட்டர் முறை வரும்போது வேகத்தை மட்டும் பார்க்காமல், தப்பு நேர்ந்தால் திருப்பி எடுக்க வழி உண்டா, பெரிய தொகைக்கும் அழிக்கும் கட்டளைக்கும் இரண்டாவது ஆளின் சம்மதம் வேண்டுமா, பிழைச் செய்தி ஊழியருக்குப் புரியும் மொழியில் வருகிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். தப்பு நடந்த பிறகு ஒருவருக்கு மெமோ கொடுத்து பைலை மூடினால், அதே நாற்காலியில் அடுத்து உட்காருகிறவர் அதே தப்பைச் செய்வார். விசாரணை ஆளோடு நிற்காமல் அமைப்பையும் தொட வேண்டும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பெரியவர்கள் சொன்னது. சறுக்குகிற இடத்தில் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்காதவர், விழுந்தவரைப் பார்த்து மட்டும் விரல் நீட்டுவது நியாயமாகாது.